மலாக்காக் கப்பலும் ஒரு மாணவனின் கேள்வியும்



பள்ளி விடுமுறை நாள்களில் ஆசிரியர் சிலர் சேர்ந்து, தமிழ்ப்பள்ளி மாணவர்களை மலாக்கா கடல்சார் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று வரலாறு சொல்லிக் கொடுக்கிறோம். ஊதியம் கருதாத பணி இது. ஆயினும் சென்ற விடுமுறையில் நானே அங்குப் பாடம் கற்றேன்.

ஆற்றங்கரையில் நிற்கும் அந்த மரக்கப்பல், 'ஃபுளோர் டி லா மார்' என்னும் போர்த்துக்கீசியக் கப்பலின் மாதிரியுரு. 'கடலின் மலர்' என்பது அப்பெயரின் பொருள். 1511 ஆகஸ்டில் அல்பகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிச் சென்ற இக்கப்பல், அதே ஆண்டு நவம்பரில் சுமத்திராக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அல்பகர்க் உயிர் தப்பினார். கப்பலின் சிதைவு இன்றுவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை.

கப்பலுக்குள் நுழையுமுன் மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வைப்போம். மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட சில நாட்டு வணிகர்களைக் கவனித்துக் கொண்டனர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளியர் முதலியோருக்கு ஒருவர். நான்கு மாணவர்கள் ஷாபந்தர்களாக நிற்க, மற்றவர்கள் வணிகர்களாக வருவர். நம் கரையின் துணி, மலுக்குத் தீவின் கிராம்பு, பண்டாத் தீவின் சாதிக்காய் எல்லாம் கைமாறும். பருவக்காற்று திரும்பும்வரை வணிகர்கள் ஊர் செல்ல இயலாது என்பதை அவர்கள் விளையாட்டாகவே புரிந்து கொள்வர்.

"நம் முன்னோர் இங்குக் கூலிகளாக மட்டும் வரவில்லை, வணிகர்களாகவும் வந்தனர்" என்று நான் பெருமையோடு முடிப்பது வழக்கம். அன்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையுயர்த்தினான்.

"போர்த்துக்கீசியர் வந்தப்போ நம்மவங்க யார் பக்கம் இருந்தாங்க, டீச்சர்?"

விடை எனக்குத் தெரியும். "அடுத்த பகுதிக்குப் போகலாம், ஐயா" என்று கூறி நகர்ந்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பெருமையை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகுமா?

மறுநாள் அதே மாணவர்களை அமர வைத்து நீனா சாத்துவைப் பற்றிக் கூறினேன். அவர் மலாக்காவின் செல்வாக்குமிக்க தென்னிந்திய இந்து வணிகர். 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். நகரம் வீழ்ந்தபின் புதிய ஆட்சியாளர்கள் அவரைப் பெண்டஹாராவாக அமர்த்தினர். 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் மன்னர் அப்துல்லாவுக்கு வழங்கினர். அவமானம் தாளாது நீனா சாத்து தீக்குளித்து மாண்டார் எனப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அம்முடிவைச் சிறுவர்களிடம் நான் விரித்துரைக்கவில்லை. பதவி இழந்து மறைந்தார் என்றளவில் நிறுத்தினேன்.

"அவங்களே கொடுத்து, அவங்களே பிடுங்கிட்டாங்களா?" என்றாள் ஒரு சிறுமி. கேள்வி கேட்ட மாணவன் ஒன்றும் பேசவில்லை. பயிற்சித்தாளில் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: 'கைதிக்குச் சோறு கொடுத்தது சரி. பதவி வாங்கியது சரி இல்லை.'

அவன் தீர்ப்பு சரிதானா என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு செயல்களையும் பிரித்துப் பார்க்கப் பதினொரு வயதுப் பிள்ளையால் முடிகிறது. அதற்கு இடம் தராமல் இத்தனை காலம் நான்தான் தடுத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் பயிற்சித்தாளில் நீனா சாத்துவுக்கும் ஒரு பக்கம் உண்டு. பெற்றோர்களே, மலாக்கா செல்லும்போது பிள்ளைகளைக் கப்பல் முன் நிறுத்திப் படம் மட்டும் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். இக்கப்பல் யாருடையது, எதை ஏற்றிச் சென்றது என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்டால், தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.