பித்தவெடிப்பும் 1952-ம் வருடமும்: தோல் கேட்பது எண்ணெயா, தண்ணீரா?

இது கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

மார்கழி பிறந்தால் க்ளினிக்கில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்க வருவார். எல்லாம் முடிந்து எழுந்து போகும்போது, "கால்ல லேசா பித்தவெடிப்பு டாக்டர், அது ஒண்ணுமில்ல" என்பார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், குதிகாலைச் சுற்றி நகம் நுழையும் ஆழத்துக்கு வெடிப்பு. ஒன்றிரண்டில் ரத்தம் காய்ந்திருக்கும். அவருக்கு வலியே தெரியாது.

"எண்ணெய் எதுவும் வைக்கலையாம்மா?"

"தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்ச்சுட்டுத்தான் படுக்கறேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. எண்ணெய் வைக்கிறார். ஆனால் காலையில் குளித்து, பகல் முழுக்கக் கால் காய்ந்து, ராத்திரி காய்ந்த தோலின் மேல் வைக்கிறார். இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அதற்கான பதில் மருத்துவ உலகத்துக்கே 1952-ல்தான் தெளிவாகக் கிடைத்தது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

பருவத்துக்குப் பருவம் தோல் மாறும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்தவர்கள் நாம். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையில் பருவகால ஒழுக்கத்துக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. பனிக்காலத்தில் உடம்பில் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது. கோடையில் குளிர்ச்சிக்குச் சந்தனம் பூசச் சொல்கிறது. கோடையில் எண்ணெய் வழிய நிற்காதே, குளிரில் தோலைக் காயவிடாதே. அனுபவம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அதே சமயம் மேற்கே என்ன நடந்தது? 2-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் மருத்துவம் பார்த்த கேலன் என்ற கிரேக்க மருத்துவரைச் சொல்வார்கள். தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜா நீர் மூன்றையும் சேர்த்து அடித்த ஒரு களிம்பு அவர் பெயரில் வழங்குகிறது. தோலில் பூசினால் அதிலுள்ள நீர் ஆவியாகிச் சில்லென்று இருக்கும். அதனால்தான் அதற்கு 'கோல்ட் க்ரீம்' என்று பெயர். நிறைய பேர் நினைப்பது போல குளிர்காலத்துக் க்ரீம் என்பதால் வந்த பெயர் இல்லை.

இந்தக் களிம்பில் ஒரு சிக்கல். கொஞ்ச நாளில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். அப்போதைக்கப்போது செய்துதான் பூச முடியும். இது நூற்றாண்டுக் கணக்கில் தீராத தலைவலி.

இப்போது 1859-க்கு வாங்க. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்க ஆரம்பித்த வருடம். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற 22 வயது வேதியியலாளர், திமிங்கலக் கொழுப்பிலிருந்து விளக்கெண்ணெய் எடுத்துப் பிழைத்தவர் (நாம் சொல்லும் ஆமணக்கெண்ணெய் இல்லை, விளக்கெரிக்கும் எண்ணெய்). பூமியிலிருந்தே எண்ணெய் கொட்டினால் தன் பிழைப்பு என்னாவது என்று பார்க்க, டைட்டஸ்வில் என்ற ஊருக்குப் போனார்.

அங்கே பம்பின் கம்பிகளில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு மெழுகு ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தை அடைக்கும் சனியன் என்று தொழிலாளிகள் அதைத் திட்டுவார்கள். ஆனால் கையில் வெட்டுப்பட்டாலோ சூடுபட்டாலோ அதையே எடுத்துத் தடவிக்கொள்வார்கள். செஸ்ப்ரோவின் கண்ணில் பட்டது அதுதான். அந்த மெழுகை எடுத்துக்கொண்டு வந்து, பல வருடம் உழைத்து, நிறமும் வாடையும் இல்லாமல் சுத்தப்படுத்தினார். 1872-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாசலின். தன் கையையே சுட்டுக்கொண்டு, அதன் மேல் வாசலினைத் தடவிக் காட்டி ஊர் ஊராக விற்றார் மனிதர்.

வாசலினில் மருந்து என்று எதுவுமே இல்லை. பிறகு எப்படி வேலை செய்தது? கொஞ்சம் பொறுங்க.

அடுத்த நிறுத்தம் ஜெர்மனியின் ஹாம்பர்க், 1911. ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகிலிருந்து ஐசக் லிஃப்ஷூட்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். அது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கட்டிப்போட்டது. பையர்ஸ்டார்ஃப் நிறுவனத்தின் உரிமையாளர் ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ் அதை வைத்துச் செய்ததுதான் நிவியா க்ரீம். பனி போல வெள்ளை என்பதால் லத்தீன் மொழியில் அந்தப் பெயர். கேலன் காலத்துத் தலைவலிக்கு அன்றைக்குத்தான் மருந்து கிடைத்தது. டப்பாவில் அடைத்துக் கடைக்கடையாக விற்கலாம், மாதக்கணக்கில் கெடாது.

இவ்வளவு தூரம் வந்தும் எல்லோர் மனதிலும் இருந்த கணக்கு ஒன்றுதான்: தோல் வறண்டால் எண்ணெய்ப்பசை குறைந்துவிட்டது, எண்ணெயைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

1952-ல் பாஸ்டனில் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். சோதனை ரொம்ப எளிமையானது. காய்த்துப்போன தோலைத் துண்டுதுண்டாக எடுத்தார். நன்றாகக் காயவைத்தார். அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அதை எண்ணெயில் போட்டு ஊறவைத்தார். எடுத்து வளைத்தால் ஒடிந்தது. கொழுப்பில், வாசலினில் வைத்தும் பார்த்தார். அப்போதும் ஒடிந்தது. தண்ணீரில் போட்டார். துணி மாதிரி வளைந்தது.

அவ்வளவுதான். பல நூற்றாண்டு நம்பிக்கை அங்கே தலைகீழானது. தோலின் மேலடுக்கை இளக்கமாக வைப்பது எண்ணெய் இல்லை, தண்ணீர். அந்த அடுக்கில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது இளக்கம் இழந்து வெடிக்கும்.

அப்போ கேலன், செஸ்ப்ரோ, நம்ம பாட்டி எல்லோரும் ஏமாந்தார்களா? இல்லை. எண்ணெயும் வாசலினும் பானைக்கு மூடி மாதிரி. உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாகாமல் காக்கும். எண்ணெய்க் களிம்புகளின் பலன் முக்கியமாக இதில்தான் இருக்கிறது. ஆனால் காலிப் பானையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பானை நிறையாது. அந்த அம்மா தினமும் ராத்திரி மூடியது காலிப் பானையை.

இனி நம் பருவங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்க.

பனிக்காலம்: குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அது தோலிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். நாமோ கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்து, சோப்பு போட்டு, தோலில் இருக்கிற இயற்கை மூடியையும் கழுவிவிடுகிறோம். வெதுவெதுப்பான நீர், சீக்கிரம் முடிகிற குளியல், சோப்பு தேவையான இடத்துக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காயும் முன்னே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ கெட்டியான க்ரீமோ தடவுங்க. விலை முக்கியமில்லை, நேரம் முக்கியம். நாள் முழுக்க ஏசி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடம் முழுக்கப் பனிக்காலம்தான்.

கோடை: காற்றிலேயே ஈரம், உடம்பெல்லாம் வியர்வை. இப்போது கெட்டியான மூடி போட்டால் வியர்வைத் துளைகள் அடைபட்டு வியர்க்குரு வரும். குழந்தைகளுக்கு எண்ணெய் தடவி அப்படியே விடுவதும் இதில் சேர்த்தி. க்ரீமிலிருந்து நீர்த்த லோஷனுக்கு மாறுங்க. வெயிலில் போவதென்றால் தொப்பி, குடை, சன்ஸ்க்ரீன்.

மழைக்காலம்: இங்கே பிரச்சினை வறட்சி இல்லை, காயாத ஈரம். தொடை இடுக்கு, அக்குள், கால்விரல் இடுக்குகளில் படர்தாமரை வரும். நன்றாகத் துடைங்க, ஈர உள்ளாடையைப் போடாதீங்க. வந்துவிட்டால், கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசாதீங்க. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும்.

கடைசியாக, அந்த அம்மாவுக்குத் திரும்புவோம். பல வருட சர்க்கரையில் கால் நரம்புகள் பழுதாகும்போது இரண்டு விஷயம் போகிறது. ஒன்று வலி உணர்வு, இன்னொன்று வியர்வை. வியர்க்காத கால் வறண்டு வெடிக்கும். வெடித்தது தெரியாது. அந்தப் பிளவு வழியாகக் கிருமி போய், புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரை போனவர்களை எங்களைப் போன்ற மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். "அது ஒண்ணுமில்ல" என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

அவர்களுக்குச் சொல்வது இதுதான். தினமும் காலைக் கழுவுங்க. வெந்நீரில் ஊறவைக்காதீங்க, சுட்டாலும் தெரியாது. ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே குதிகாலிலும் பாதத்திலும் வாசலினோ, மருத்துவர் தரும் யூரியா க்ரீமோ தடவுங்க. விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அது காய்ந்தே இருக்கட்டும். வழுக்கி விழாமல் இருக்கப் பருத்திக் காலுறை. பிளேடால் சீவக் கூடாது. ரத்தமோ சீழோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்க.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டில் சர்க்கரை உள்ள அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ இருந்தால், இன்றைக்கு ராத்திரி அவர்கள் காலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் குதிகாலைப் பாருங்க. குனிந்து பார்க்க அவர்களால் முடியாது. கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள்.