மூளைக்குப் போயிடுச்சுன்னா அவ்ளோதானா?

மயிலாப்பூரில் எங்க பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிஞ்சு நாலு வருஷம் நல்லாத்தான் இருந்தார். ஒருநாள் வாசலில் கோலம் போடும்போது கை சொன்ன பேச்சு கேக்கலை. ஸ்கேன் எடுத்தால் மூளையில் ஒரே ஒரு கட்டி.

"மூளைக்குப் போயிடுச்சா? அப்ப அவ்ளோதான்" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். டாக்டர் மட்டும் "எடுத்துப் பாத்துடலாம்" என்றார். அந்த 'பாத்துடலாம்'க்குப் பின்னால் எவ்வளவு கதை இருக்கு என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

நம்ம ஊரில் அது இரண்டு இடத்தில் ஆரம்பிக்குது. ஒண்ணு, ஜெனரல் ஆஸ்பத்திரி. இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் பி.ராமமூர்த்தி, 1950-ல் அங்கே மூளை, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதுக்கு முந்தின வருஷம்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியிருந்தார். இன்னொண்ணு, அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வந்தது. அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

அப்போ சி.டி. ஸ்கேன் கிடையாது. லண்டனில் முதல் நோயாளிக்கு அதை எடுத்ததே 1971-ல்தான். மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தியோ, கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றியோ எக்ஸ்ரே எடுப்பார்கள். கட்டி எங்கே என்று ஊகிக்கலாம். என்ன கட்டி? திறந்து பார்த்தால்தான் உண்டு.

நம்ம நாட்டில் இதில் கூடுதல் சிக்கல் ஒண்ணு, காசநோய். மூளையில் வரும் காசநோய்க் கட்டி, ட்யூபர்குலோமா, அந்நாளில் இங்கே ரொம்பச் சகஜம். அதைக் கண்டுபிடிப்பது பற்றி ராமமூர்த்தி 1961-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். படத்தில் புற்றுநோய் மாதிரியே ஏமாற்றும். ஆனால் காசநோய்க்கு மருந்து இருக்கு. ஆளை மாற்றித் தண்டித்தால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

அமெரிக்காவில் ராய் பேட்செல் குழு 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு. மூளையில் ஒரே கட்டி உள்ள 48 புற்றுநோயாளிகள். வெறும் கதிர்வீச்சு பெற்றவர்களில் பாதிப்பேர் 15 வாரம் தாண்டினார்கள். கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் பாதிப்பேர் 40 வாரம் தாண்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற விஷயம். முதலில் சேர்த்தது 54 பேரை. திசுவைப் பரிசோதித்தபோது 6 பேருக்கு அது புற்றுநோய்ப் பரவலே இல்லை! காசநோய் குறைவான அமெரிக்காவிலேயே இந்தக் கதை.

அதுக்காகக் கத்தி எல்லோருக்கும் உதவும்னு இல்லை. 1996-ல் கனடாவில் 84 பேரிடம் பார்த்தபோது ஆபரேஷனால் ஆயுள் கூடவில்லை. அவர்களில் நிறையப் பேருக்கு உடம்பின் மற்ற இடங்களிலும் நோய் ஓடிக்கொண்டிருந்தது. இப்போ சின்னக் கட்டிகளைக் குறிபார்த்த கதிர்வீச்சாலேயே சுட்டுவிடுகிறார்கள். தேனாம்பேட்டை அப்போலோவுக்கு சைபர்நைஃப் 2009-லேயே வந்தாச்சு. கட்டி பெரிசாகி மூளையை அழுத்தினாலோ, 'இது என்ன' என்ற சந்தேகம் இருந்தாலோ, இன்றைக்கும் கத்திதான்.

பெரியம்மாவுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோயேதான். ஏமாற்றம்தான். ஆனால் கை திரும்பி வந்தது. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். இரண்டு மார்கழிக்கும் வாசலில் அவர் கைக்கோலம்தான். கணக்கில் சின்னது. எங்களுக்கு இல்லை.

உங்க வீட்டில் யாருக்காவது இப்படி ஆச்சுன்னா, குரலைத் தாழ்த்துறதுக்கு முன்னாடி டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. எத்தனை கட்டி? வேற எங்கேயாவது நோய் ஓடுதா? இது அதுதான்னு நிச்சயமாத் தெரியுமா?