அஹிந்தா

அஹிந்தா: கர்நாடகத்தில் சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் ஆகிய மூன்று பிரிவினரையும் ஓரணியில் திரட்டும் அரசியல் உத்தி. முதலில் சட்டமன்றத்தில் லிங்காயத்து, ஒக்கலிகர் சமூகங்களுக்கு இருந்த மேலாதிக்கத்துக்கு எதிராகவும், பின்னாளில் பாரதிய ஜனதாவின் வளர்ச்சிக்கு எதிராகவும் இது கையாளப்பட்டது. அல்பசங்க்யாதரு, ஹிந்துளிதவரு, தலிதரு என்ற கன்னடச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ் காலத்திலேயே இப்பெயர் வழங்கியது என்பாரும், 2000க்குப் பிறகே பரவியது என்பாரும் உண்டு.

மைசூர் சமஸ்தானத்தில் பிராமணரல்லாதார் 1917இல் பிரஜாமித்ர மண்டலியைத் தொடங்கினர். சென்னையில் நீதிக்கட்சி தோன்றியதற்கு அடுத்த ஆண்டு அது. 1918இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்து, அரசுப் பணிகளில் பிராமணரல்லாதார் பங்கை உயர்த்த வழி கேட்டார். திவான் விசுவேசுவரய்யா பதவி விலகியதற்கு இதுவே காரணம் என்பது பரவலான கருத்து. வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. அன்று இதனால் முன்னேறிய லிங்காயத்துகளும் ஒக்கலிகர்களும் 1956இல் மாநிலம் ஒன்றுபட்ட பின் ஆட்சியைத் தங்கள் கையில் வைத்திருந்தனர். நிஜலிங்கப்பா, ஜத்தி, எஸ்.ஆர். கண்டி, வீரேந்திர பாட்டீல் என 1956 முதல் 1971 வரை முதலமைச்சர்களாக இருந்த நால்வருமே லிங்காயத்துகள். இடையில், மொத்த ஒதுக்கீட்டை 68 விழுக்காடாக்கிய அரசாணையை பாலாஜி வழக்கில் (1962) உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

1969இல் காங்கிரஸ் பிளந்தபோது நிஜலிங்கப்பா இந்திரா காந்திக்கு எதிரான முகாமுக்குத் தலைமை தாங்கினார். இந்திராவின் பக்கம் நின்ற தேவராஜ் அர்ஸ், ஹுன்சூரைச் சேர்ந்தவர். அவருடைய ‘அரசு’ எனும் சமூகம் வாக்கு எண்ணிக்கையில் மிகச் சிறியது. சொந்தச் சாதியை நம்பி அரசியல் நடத்த வழியில்லாததே அவரைப் பிற சிறு சாதிகளின் பக்கம் திருப்பியது எனலாம். 1972 தேர்தலில், அதுவரை சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் படியேறாத சமூகங்களிலிருந்து ஆட்களைத் தேடிப் பிடித்து டிக்கெட் கொடுத்தார். மொத்தம் 216 இடங்களில் காங்கிரஸ் 165 வென்றது. சட்டங்களுக்கு முன்னதாகச் சட்டமன்றத்தின் சேர்க்கையையே மாற்றியதுதான் அர்ஸ் முறையின் சாரம்.

அடுத்து வந்தது நிலம். 1951இல் சிவமொக்கா மாவட்டத்துக் காகோடுவில் குத்தகை விவசாயிகள் சோஷலிஸ்டுகள் தலைமையில் நடத்திய சத்தியாகிரகம் இதற்கு முன்னோடி. 1974 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், குத்தகை நிலங்களை அரசுடைமையாக்கி, உழுபவர் உரிமை கோர வழி செய்தது. ஏழாம் எண் படிவத்தை நிரப்பித் தாலுகா நிலத் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு உதவி ஆணையர் தலைமை வகித்தார். அரசு நியமித்த உறுப்பினர்களில் ஒருவராவது பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியிருந்தது. வக்கீல்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. பண்ணையார் வக்கீல் வைத்து வாதாட, எழுத்து ஒப்பந்தமில்லாத குத்தகைக்காரர் பேச்சற்று நிற்கும் வழக்கமான காட்சி இப்படிச் சட்டத்தின் ஒரே பிரிவால் நின்றுபோனது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. பெரும்பலன் கடலோர மாவட்டங்களுக்கே கிடைத்தது என்றும், சமவெளியில் ஒக்கலிக, லிங்காயத்துக் குத்தகைதாரர்களும் பயனடைந்தனர் என்றும் ஆய்வாளர் கூறுவர். பணிகளின் பெரும்பகுதி நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்ததால் அதன் பெருமை யாருக்கு என்பதிலும் சர்ச்சை உண்டு.

எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் 1972இல் அமைந்த பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் 1975 நவம்பரில் அறிக்கை தந்து, 32 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. லிங்காயத்துகள் பட்டியலில் இல்லை, ஒக்கலிகர்கள் இருந்தனர். எதிரிகள் ஒன்றுசேராமல் பார்த்துக்கொண்ட சாமர்த்தியம் இது என்று கருதுவோர் பலர். லிங்காயத்துத் தலைவர் பீமண்ணா கந்த்ரே அறிக்கையைச் சட்டமன்றத்திலேயே கிழித்தார் என்பர். எரித்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. இதற்கு முன்பே, அர்ஸின் தலித் அமைச்சர் பசவலிங்கப்பா, 1973இல் கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா, அதாவது மாட்டுத் தீவனம், என்று பேசிப் பதவி இழந்தார். அந்தப் பேச்சால் எழுந்த கலவரத்தின் சூட்டில் உருவானதே தலித் சங்கர்ஷ சமிதி.

1979இல் அர்ஸ் இந்திராவை விட்டு விலகினார். 1980 ஜனவரியில் ஆட்சி போனது. 1983இல் ஜனதா ஆட்சிக்கு வந்தது. 1995இல் முஸ்லிம்களுக்கு 4 விழுக்காடு தனி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது.

குருபர் சமூகத்தவரான சித்தராமையா அஹிந்தா மாநாடுகளை நடத்தினார். 2005இல் மதச்சார்பற்ற ஜனதா தளத்திலிருந்து நீக்கப்பட்டார். காங்கிரஸில் சேர்ந்து 2006 இறுதியில் சாமுண்டேஸ்வரி இடைத்தேர்தலில் 257 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். 2013இல் முதலமைச்சரானார். 2018 மார்ச்சில் லிங்காயத்துகளைத் தனி மதமாக அங்கீகரிக்கப் பரிந்துரைத்தது அவருக்குக் கைகொடுக்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் 80 இடங்களோடு நின்றுவிட்டது. அதன்பின் ஆண்ட காங்கிரஸ்–மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணியின் எம்எல்ஏக்கள் பலர் 2019இல் விலக, பாஜகவின் எடியூரப்பா ஆட்சி அமைத்தார். விவசாயி அல்லாதவர் நிலம் வாங்கத் தடையாக இருந்த பிரிவுகள் 2020இல் நீக்கப்பட்டன. பசுவதைத் தடைச் சட்டமும் மதமாற்றத் தடைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன.

2023 தேர்தலுக்கு முன் எத்தேளு கர்நாடகா என்ற பெயரில் தலித், விவசாய, பெண்கள் அமைப்பினர் வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பிலும் வீடு வீடான பிரசாரத்திலும் இறங்கினர். காங்கிரஸ் 135, பாஜக 66. ஆனால் பாஜகவின் வாக்கு விழுக்காடு 2018இல் இருந்ததுபோல் 36 அளவிலேயே நின்றது. பெருமளவு சரிந்தது மதச்சார்பற்ற ஜனதா தளம். அஹிந்தா வென்றதா, இலவசப் பேருந்து உள்ளிட்ட ஐந்து உத்தரவாதங்கள் வென்றனவா என்பது முடிவாகவில்லை. 2015இல் எடுத்த சாதிக் கணக்கெடுப்பின் அறிக்கை 2024 பிப்ரவரியில் அரசிடம் அளிக்கப்பட்டது. அதை ஒதுக்கிவிட்டு 2025 செப்டம்பரில் புதிய கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது.