பாலை நிறுத்தினால் கல் வராதா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து வாசியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வள்ளியூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறான்.

"சார், எனக்குக் கிட்னியில கல்லுன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாவ. வீட்டுல பாலையே நிப்பாட்டிட்டோம்."

"ஒனக்கு மட்டும்தானல?"

"இல்ல சார், பிள்ளைக்கும்தான். இது பரம்பரையா வரும்னு சொல்லுதாவல்லா. இப்பவே நிப்பாட்டுனா நல்லதுல்லா."

பிள்ளைக்கு ஏழு வயது.

அவனைத் திட்ட வாய் வந்தது. ஆனால் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. 1994-இல் எனக்கும் கல் வந்தது. விலாவில் தொடங்கி அடிவயிறு வரைக்கும் இழுத்த அந்த வலியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கல் தானாக இறங்கிவிட்டது. அதன்பின் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கூட வேலை பார்த்த ஒருவர், "கல்லுன்னா சுண்ணாம்பு. பாலுலயும் சுண்ணாம்பு. பாலை விடும், கல்லு தன்னால போயிரும்" என்றார். கணக்கு வாத்தியார் மாதிரி சொன்னதால் நம்பிவிட்டேன். பால், மோர், தயிர் எல்லாவற்றையும் விட்டேன். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எதையும் விடவில்லை. தண்ணீரையும் கூட்டவில்லை. ஆறு வருடத்தில் மறுபடியும் கல் வந்தது.

அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னைக் குன்னூர் வரைக்கும் கொண்டுபோனது. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். கல் என்று நாம் ஒரே சொல்லைச் சொன்னாலும் அது இரண்டு நோய். ஒன்று, சிறுநீரகத்தில் உண்டாகி குழாயில் இறங்கும் கல். எனக்கும் என் மாணவனுக்கும் வந்தது அதுதான். இன்னொன்று சிறுநீர்ப்பையிலேயே உருவாகி வளரும் கல். பழைய காலத்து மருத்துவ நூல்களில் அதிகம் பேசப்படுவது இந்த இரண்டாவது வகை. அது பெரும்பாலும் ஏழை வீட்டுச் சிறுவர்களுக்கு வந்தது.

சுசுருதர் தம் நூலில் கல்லை அறுத்து எடுக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். கல் சிறுவர்களுக்கு அதிகம் வருவதாகச் சொல்கிறார், அதற்கு உணவையும் காரணமாகக் காட்டுகிறார். அறுக்கும் முன் அரசனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தால் பிழைப்பதும் நிச்சயமில்லை. அதனால்தான் அந்த அனுமதி. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவர் உறுதிமொழியில், கல்லுக்காகக் கத்தி வைக்க மாட்டேன், அதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவேன் என்று ஒரு வாசகமே உண்டு. அவ்வளவு பயம்.

கத்தி வைக்காமல் கல்லை உள்ளேயே உடைக்கும் முறையை 1824-இல் பாரிசில் சிவியால் என்ற மருத்துவர் செய்து காட்டினார். 1878-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிகிலோ, உடைத்த துகளை அதே அமர்வில் கழுவி வெளியேற்றும் வழியைக் கண்டார். அந்த முறையைச் சின்னப் பையன்களுக்கும் செய்யலாம் என்று காட்டியது நம் நாட்டில்தான். இந்தூரில் இருந்த கீகன் என்ற மருத்துவர் அதைச் செய்தார். வட இந்தியாவில் இந்த வேலையில் பெயர் எடுத்த இன்னொருவர் பீட்டர் ஃப்ரேயர். பின்னாளில் லண்டனுக்குப் போய் புராஸ்டேட் அறுவையில் உலகப் புகழ் பெற்றவர் அவரே. நம் நாட்டில் கல் நோய் அவ்வளவு மலிந்து கிடந்ததால்தான் இவர்களுக்கு இவ்வளவு கைத்தேர்ச்சி வந்தது. அந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் வலியில் துடித்த எத்தனை பிள்ளைகள் என்று நினைத்துப் பாருங்கள்.

இவர்கள் எல்லோரும் கல்லை எப்படி எடுப்பது என்று கேட்டார்கள். கல் ஏன் வருகிறது என்று கேட்டு, சோதித்தும் பார்த்தவர் ஒருவர் குன்னூரில் இருந்தார். பெயர் ராபர்ட் மெக்கேரிசன். அயர்லாந்துக்காரர். 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ஊட்டக் குறைவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சிக்கனம் என்று சொல்லி 1923-இல் அதை அரசாங்கம் மூடியது. 1925-இல் மறுபடியும் தொடங்கியது. சிறிதாக ஆரம்பித்த அந்த வேலைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

அவர் செய்த ஒரு சோதனை பலருக்குத் தெரியும். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலியின் சராசரி எடை 235 கிராம். 'மதராசி' உணவு தின்ற எலி 155 கிராம். சீக்கியர் தட்டில் முழுக் கோதுமை ரொட்டியோடு பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி இருந்தன. நம் ஏழைகள் தட்டில் தீட்டிய அரிசிச் சோறுதான் மலையாகக் கிடந்தது. 32 வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தட்டைப் பார்த்த எனக்கு, இந்த இரண்டு எண்ணும் ரொம்ப நாள் மனதை விட்டுப் போகவில்லை.

கல் விஷயத்தில் நிலைமை வேறு. பஞ்சாப், சிந்து போன்ற கோதுமைப் பகுதிகளில் சிறுநீர்ப்பைக் கல் அதிகம், நம் தெற்கில் குறைவு. அப்படியானால் கோதுமைதான் குற்றவாளியா? மெக்கேரிசன் எலிகளுக்குப் பெரும்பாலும் தானிய மாவாகவே கொடுத்துப் பார்த்தார். சிறுநீர்ப்பையில் கல் உண்டானது. அதே உணவோடு போதுமான பாலைச் சேர்த்தார். கல் உண்டாகவில்லை. 1927-இலும் 1931-இலும் இதை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். தானியம் இருந்தது குற்றமில்லை, தானியத்தோடு பால் போன்றவை இல்லாததே குறை என்ற திசையை அந்த எலிகள் காட்டின.

இதற்கு இன்னொரு சாட்சி 1960-களில் தாய்லாந்திலிருந்து வந்தது. அங்கே கோதுமை கிடையாது, அரிசிதான். ஆனாலும் வடகிழக்கில் உபோன் பகுதிக் கிராமங்களில் சிறுவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் ஏராளம். ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்கரும் ஆரி வல்யசேவி என்ற தாய்லாந்து மருத்துவரும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே தாய்ப்பாலோடு ஒட்டும் அரிசிச் சோற்றையும் ஊட்டும் வழக்கம் அங்கே இருந்தது. வயிறு சோற்றால் நிறைந்தால் பிள்ளை பால் குடிப்பது குறையும், பாஸ்பேட் என்ற சத்தும் குறையும். அந்தச் சத்தைத் தனியாகக் கொடுத்தபோது சிறுநீரில் படிகங்கள் குறைந்தன.

சாப்பாடு மேம்பட்ட நாடுகளில் எல்லாம் சிறுவர்களின் சிறுநீர்ப்பைக் கல் மறைந்துகொண்டே வந்தது. அந்த நோயை அறுவை அறையை விட அடுப்படிதான் அதிகம் ஒழித்தது.

அது மறைய மறைய, அந்த இடத்துக்குச் சிறுநீரகக் கல் வந்து சேர்ந்தது. இது பெரியவர்களின் நோய், வசதி கூடும்போது கூடும் நோய். இந்தக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அங்கேதான் என் சக ஆசிரியரின் கணக்கு வருகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க மருத்துவர்களே பல காலம் கால்சியத்தைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

1993-இல் அமெரிக்காவில் கேரி கர்ஹான் குழுவினர் 45,619 ஆண்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததை வெளியிட்டார்கள். உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு, குறைவாக எடுத்தவர்களை விட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்.

2002-இல் இத்தாலியின் பார்மா நகரில் லோரிஸ் போர்கி குழு இதை நேரடியாகவே சோதித்தது. அடிக்கடி கல் வரும் 120 ஆண்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மற்ற 60 பேருக்கு வழக்கமான அளவு கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்திருந்தது. இரண்டாவது பிரிவில் 12 பேருக்குத்தான்.

காரணம் எளிது. கீரை, கொட்டை வகைகளில் ஆக்சலேட் இருக்கிறது. சாப்பாட்டோடு கால்சியம் சேர்ந்தால் இரண்டும் குடலிலேயே கட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையென்றால் அந்த ஆக்சலேட் தனியாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும், அங்கே கல்லாகும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். அதாவது நான் விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதை விட்டிருந்தேன்.

குன்னூர் எலிக்கு வந்த கல்லும் எனக்கு வந்த கல்லும் வேறு வேறு. பால் தடுத்த வழியும் வேறு வேறு. ஆனால் இரண்டு இடத்திலும், சோதித்துப் பார்க்காதவரை பால் மேல் யாரும் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வகுப்பில் "காரணம் கூறு" என்று ஒரு கேள்வி கேட்போம். பார்த்தால் சரியாகத் தோன்றும் காரணமெல்லாம் சரியான காரணம் ஆகிவிடாது என்பதை இந்த வயதில்தான் நான் படித்தேன்.

இந்தச் சோதனை இன்னும் நிற்கவில்லை. கல் திரும்ப வராமல் இருக்கப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வந்த தயசைடு வகை மாத்திரையை ஸ்விட்சர்லாந்தில் 416 பேரிடம் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையும், வரப்பில் காலில் குத்தும் நெருஞ்சிலும் சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்கும் நீரடைப்புக்கும் சொல்லப்பட்டவை. நம் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த இரண்டு செடியையும் எலிகளிடம் சோதித்து நல்ல அறிகுறி கண்ட ஆய்வுகள் உண்டு. பார்மாவில் நடந்ததைப் போல, நிறைய மனிதர்களிடம் பல வருடம் சோதித்த முடிவும் வர வேண்டும் என்பது என் ஆசை. பாட்டன் சொன்னதை மதிப்பது என்றால் அதைச் சோதித்து நிலைநிறுத்துவதும்தான்.

சந்தேகமே இல்லாத மருந்து ஒன்று உண்டு. அதுவும் பார்மாவிலிருந்துதான். முதல் தடவை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் நாளுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 1996-இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்குக் கல் திரும்பியது. மற்ற 100 பேரில் 27 பேருக்கு. கவனியுங்கள், குடித்த அளவை அல்ல, போன அளவைத்தான் கணக்கு வைத்தார்கள். நம் வெயிலில் வியர்வையாகப் போவது போக மீதிதான் சிறுநீர். அப்படியானால் இத்தாலிக்காரரை விட நாம் கூடக் குடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சார், ஒண்ணுக்கு" என்று விரலைக் காட்டி நின்ற பிள்ளைகளை எத்தனை தடவை "உக்காருல, பெல் அடிக்கட்டும்" என்று அதட்டியிருக்கிறேன். பாடம் கெடும் என்பது அன்றைக்கு என் நியாயம். ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை என் கண்ணில் படவில்லை. கேரளத்தில் 2019-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, என் பள்ளிக்கூடத்தில் மணிக்கயிறு என் கையில்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

லாரிக்காரன் கதைக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, அதனால் அவனுக்கு மருந்து எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கே டாக்டரைப் பாரு. பாலை நிப்பாட்டணுமா, உப்பைக் குறைக்கணுமா, எவ்வளவு தண்ணி குடிக்கணும், இந்த மூணையும் கேளு" என்றேன். இதை வாசிக்கிறவர்களும் அப்படியே செய்யுங்கள். சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமானவர்களுக்குத் தண்ணீர் அளவு, பால் அளவு எல்லாமே வேறு.

நாலு நாள் கழித்துப் பேசினான். பாலை நிறுத்த வேண்டாம், கருவாட்டையும் ஊறுகாயையும் குறை, தண்ணீர் நிறையக் குடி என்று டாக்டர் சொன்னாராம். "வண்டில ஓட்டும்போது எங்க சார் இறங்கி ஒண்ணுக்குப் போக? அதுக்குப் பயந்துதான் தண்ணியே குடிக்காம ஓட்டுதேன்" என்றான்.

என் வகுப்பில் படித்தவன்தான். அடக்கிப் பழக அவனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசித்தேன்.

"நிப்பாட்டிட்டுப் போல. லோடு பத்து நிமிஷம் லேட்டானா ஒண்ணும் ஆவாது" என்றேன். போனை வைக்கும் முன் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். காலையில் ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாளாம்.