குளிசையா, ஜெல்லா? – ஒரு தெரிவின் வரலாறு

தேசியம், சாதியம், மாற்றுக்கருத்து என இச்சஞ்சிகையில் நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம். ஐம்பது வயதுப் பெண்ணின் உடல் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. எழுதாதவர்களில் நானும் ஒருத்தி.

ஊரில் வரலாறு கற்பித்த நான் இப்போது பாரிஸ் புறநகரில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்கிறேன். சென்ற மாரியில், விரிப்புகளை அழுத்தும் இயந்திரத்தின் முன்னால் என்னோடு நிற்கும் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, டொக்டர் ஓமோன் மருந்து எடுக்கச் சொல்லுறா. குளிசையும் இருக்காம், தோலிலை பூசுற ஜெல்லும் இருக்காம். புற்றுநோய் வருமெண்டு சனம் சொல்லுது. நீங்கள் படிச்சனீங்கள், எதை எடுக்கிறது?"

அவளுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம், எனக்கு மூன்று. உடம்பு திடீரெனக் கொதித்து, வியர்வையில் நனைந்து நடுச்சாமத்தில் எழும்புகிறவர்கள்தான் இருவரும். ஆனால் 'மாதவிடாய் நிற்பது இயற்கை, அதை நோயாக்கியது மருந்து முதலாளித்துவம்' என்று ஒரு காலத்தில் கூட்டங்களில் பேசியவள் நான். அந்த வசனம் அவளுக்குப் பதிலாகாது என்பது உடனேயே விளங்கியது. எனவே வாசிக்கத் தொடங்கினேன்.

நான் பேசியது முழுப் பொய்யல்ல. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெறப்பட்ட ஈஸ்ட்ரோஜன் குளிசையான பிரெமரின் 1942இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டவர் நியூயோர்க் மகப்பேற்று வைத்தியர் றொபேட் வில்சன். 'பெமினின் ஃபொரெவர்' என்ற தனது நூலில் (1966) மாதவிடாய் நின்ற பெண்ணை ஓமோன் குறைபாட்டு நோயாளி என வர்ணித்தார். அவரது ஆய்வு நிறுவனம் மருந்துக் கம்பனிகளிடம் பணம் பெற்றதும் பின்னர் வெளிவந்தது. கணவனுக்கு இனிமையான மனைவியைத் திருப்பிக் கொடுப்பதே அவரது அக்கறையாக இருந்தது.

1975இல் வெளியான இரு ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களிடையே கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் எனக் காட்டின. மருந்து மறையவில்லை. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அதனோடு புரொஜெஸ்தரோன் வகை ஓமோனும் சேர்க்கப்பட்டது.

1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பெண்கள் பற்றிய பெரும் ஆய்வொன்றை ஆரம்பித்தது. அதன் ஒரு பிரிவில் 16,608 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரொஜெஸ்தினும் சேர்ந்த குளிசையும், மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுக்கப்பட்டன. 2002 ஜூலையில் இப்பிரிவு இடைநிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோய் 26 வீதம் அதிகம் என்ற செய்தி உலகெங்கும் பரவ, இலட்சக்கணக்கான பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். சனம் இன்றும் சொல்லும் பயம் அங்கிருந்து வந்ததே.

அந்த 26 வீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் பெண்களில் வருடமொன்றுக்கு 30 பேருக்கு வந்த புற்றுநோய் 38 பேருக்கு வந்தது என்பதே அதன் பொருள். பங்குபற்றியவர்களின் சராசரி வயது 63. அதாவது மாதவிடாய் நின்று பத்து வருடங்களுக்கு மேலானவர்களே பெரும்பான்மையினர். கர்ப்பப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மாத்திரம் எடுத்தவர்களின் பிரிவு 2004இல் நிறுத்தப்பட்டபோது, பக்கவாதம் கூடியிருந்தது, மார்புப் புற்றுநோய் கூடியிருக்கவில்லை. ஒரு குளிசையைப் பற்றிய முடிவு எல்லா ஓமோன்களையும் பற்றிய தீர்ப்பாக வாசிக்கப்பட்டது.

குளிசையா ஜெல்லா என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் நான் வாழும் இந்த நாட்டவர்கள். பிரான்சில் தோலில் பூசும் ஜெல்லும், இயற்கையானதை ஒத்த புரொஜெஸ்தரோனும் முன்பே வழக்கிலிருந்தன. ஈஸ்ட்ரோஜனை விழுங்கினால் அது முதலில் ஈரலுக்குப் போய், இரத்தம் உறையச் செய்யும் புரதங்களை மாற்றுகிறது. தோல்வழி போவது நேரே இரத்தத்தில் கலக்கிறது. 2003இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், குளிசை எடுத்தவர்களுக்கு நாளங்களில் இரத்தம் கட்டும் ஆபத்து ஏறக்குறைய மூன்றரை மடங்காக இருந்தது. தோல்வழி எடுத்தவர்களிடம் அந்த அதிகரிப்புக் காணப்படவில்லை.

1990இல் தொடங்கிய இன்னொரு பிரெஞ்சு ஆய்வு ஏறக்குறைய ஒரு இலட்சம் பெண்களுக்குத் தபாலில் கேள்விக்கொத்து அனுப்பி, வருடக்கணக்காக அவர்களைத் தொடர்ந்தது. ஈஸ்ட்ரோஜனோடு செயற்கைப் புரொஜெஸ்தின் எடுத்தவர்களிடம் மார்புப் புற்றுநோய் கூடியதையும், இயற்கையை ஒத்த புரொஜெஸ்தரோன் எடுத்தவர்களிடம் அவ்வாறு கூடாததையும் அது 2008இல் காட்டியது. இது அவதானிப்பு ஆய்வு, இறுதி நிரூபணமல்ல. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு, யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் தவிர்ந்த ஏனையவற்றை நீண்டகாலம் எடுத்தால் மார்புப் புற்றுநோய் ஆபத்து கூடுமென்றே எச்சரித்தது.

அந்த ஒரு இலட்சம் பேரும் ஆசிரியர் காப்புறுதிச் சங்கத்தில் இருந்தவர்கள், பெரும்பாலும் ஆசிரியைகள். இதை வாசித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். என் பழைய தொழிலைச் சேர்ந்த பெண்கள் படிவம் நிரப்பியதால் இன்று எனக்கொரு தெரிவு இருக்கிறது. ஆனால் என் இன்றைய தொழிலைச் சேர்ந்தவர்கள் அந்தப் படிவங்களில் இல்லை. அமெரிக்க ஆய்விலும் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் வெள்ளையர்கள். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதளவில், மேற்கத்தையப் பெண்களுக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஆனால் நீராவிக்குள் எட்டு மணித்தியாலம் நிற்கும் எங்களைப் போன்றவர்களை யார் எண்ணினார்கள்?

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மாவுக்கு 49 வயது. தென்மராட்சியில் தங்கிய வீட்டுத் திண்ணையில் இரவிரவாக எழும்பி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி இருப்பா. ஷெல்லுக்குப் பயந்து நித்திரையில்லை என்று நாங்கள் நினைத்தோம். பயமும் இருந்திருக்கும். ஆனால் வரலாறு படித்த மகள் ஒரு நாளும் "என்னம்மா செய்யுது?" என்று கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

2003இல் அமெரிக்க மருந்துப் பெட்டிகளில் சேர்க்கப்பட்ட கறுப்புக்கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. 1966இன் குரல் மீண்டும் எழலாம். அதற்கு அஞ்சிப் பழைய வசனத்துக்குத் திரும்பவும் நான் தயாரில்லை. என் தோழிக்குச் சொன்னது இதுதான்: "தங்கச்சி, உனக்குக் கர்ப்பப்பை இருக்கு, அதனாலை ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுக்கப்படாது. ஜெல்லும் புரொஜெஸ்தரோனும் எனக்குச் சரிவருமோ எண்டு டொக்டரைக் கேள். வீட்டிலை ஆருக்கும் மார்புப் புற்றுநோய் வந்ததெண்டால் மறைக்காமல் சொல்லு. ஓமோன் ஒத்துவராதவைக்கு வேறை மருந்தும் இருக்கு. வருசா வருசம் திரும்பக் கேள்." நானும் என் வைத்தியருடன் கதைத்து அதையே தெரிவுசெய்தேன். இப்போது இரவில் நித்திரை வருகிறது.

தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆசிரியைகளுக்குக் கேள்விகள் தபாலில் போயின. இச்சஞ்சிகையும் எங்கள் வீடுகளுக்கு வருகிறது. எந்த வயதில் நின்றது, என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன மருந்து, யார் சொன்னது என்பவற்றைப் பெயரில்லாமல் எழுதியனுப்புமாறு அடுத்த இதழில் கேட்டால் என்ன? ஆண் தோழர்கள் தம் வீட்டிலுள்ளவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு விவாதத்துக்கு வரட்டும்.