மேசைமேல் ஒரு போர்க்களம்: சதுரங்கம் முதல் கைத்தொலைபேசி வரை

அண்மையில் பள்ளிவாசல்துறைக்குச் சென்றிருந்தேன். பத்திரிகைத் துறையில் என்னோடு பல்லாண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்றபின் கற்பிட்டிக் குடாநாட்டின் அந்தக் கரையோரக் கிராமத்தில்தான் வாழ்ந்து வருகிறார். பகலுணவு முடிந்து முன்கூடத்துக்கு வந்தபோது அங்கிருந்த பெரிய மேசை என் கவனத்தை ஈர்த்தது.

நீலத் துணி விரித்துப் புத்தளம் களப்பை அமைத்திருந்தார்கள். கரையோரத்தில் அட்டையாற் செய்த கற்பிட்டிக் கோட்டை. நீர்ப்பரப்பில் விரல் நீளத்தில் சிறு கப்பல்கள். அவை கொழும்பில் முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தெடுக்கப்பட்டவை என்று நண்பரின் பேரன் சொன்னான். அவன் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவன். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டியது 1667 முதல் 1676 வரையான காலத்தில். களப்பின் வாயிலை அடைத்து, கண்டி இராச்சியம் புத்தளத்தின் ஊடாக இந்தியக் கரையோடு நடத்திய வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவருவதே அவர்களது நோக்கம். ஒருவர் ஒல்லாந்தராகவும் மற்றவர் பாக்கு ஏற்றிச் செல்லும் வணிகராகவும் நின்று ஆடுவதே அவனது விளையாட்டு.

வியப்பு இனித்தான். வணிகரின் படகுகள் மேசையில் இல்லை. அவை கைத்தொலைபேசிக்குள் இருந்தன! ஒல்லாந்தக் கப்பல் ஒன்று குறித்த தூரத்துக்குள் வரும்போதுதான், "இங்கே ஒரு படகை வையுங்கள்" என்று அது அறிவிக்கிறது. காற்றின் திசை, ஆழம், இருள் ஆகியவற்றையும் அதுவே கணக்கிடுகிறது.

இது புதுமையா என்று கேட்டால், கருவி புதிது, தேவை மிகப் பழையது என்றே சொல்வேன்.

போரை மேசைக்குக் கொண்டுவந்த பெருமையில் இந்தியாவுக்கு முதற்பங்கு உண்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம் என்ற பெயருக்குக் காரணம். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. பாரசீகம் சென்று, அராபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி, அவர்கள் வழியே அது ஐரோப்பாவை அடைந்தது. அந்த அராபிய உலகின் பயணியான இப்னு பதூதா 1344இல் வந்திறங்கிய கரையும் இந்தப் புத்தளக் கரைதான்.

சதுரங்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. எதிரியின் படை முழுவதும் கண்முன்னே நிற்கும். மேடு, பள்ளம், ஆறு, காடு எதுவும் கிடையாது. உண்மைப் போர் அப்படியன்று. இக்குறையைப் போக்க முனைந்தவர்கள் ஜேர்மானியர்கள். 1780இல் பிரவுன்சுவிக் நகரில் ஹெல்விக் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகையில், நிலத்தின் தன்மையை நிறங்களாற் காட்டிச் சதுரங்கத்தை விரிவாக்கினார். 1812இல் பிரஷ்ய அதிகாரியான ரைஸ்விட்ஸ், நிலத்தோற்றங்களை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய மேசையொன்றைத் தம் மன்னருக்குச் செய்தளித்தார். பீரங்கிப் படையில் இருந்த அவருடைய மகன் 1824இல் அதனைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். படைத் தலைமை அதிகாரியான முஃப்ளிங் அதைக் கண்டு மகிழ்ந்து இராணுவத்துக்குப் பரிந்துரைத்தார்.

அந்த விளையாட்டின் உயிர்நாடி நடுவர். இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை அவரிடம் எழுதிக் கொடுப்பர். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே அவர் காயை வைப்பார். பகடை உருட்டி, அட்டவணை பார்த்து இழப்புகளைக் கணிப்பார். விளையாட்டில் ஒரு சுற்று என்பது போரில் இரண்டு நிமிடம். ஆனால் அதைக் கணக்கிட்டு முடிக்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்! இந்தச் சுமை தாங்காமல்தான் 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளைக் கைவிட்டு, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களையும் விளையாட்டுப் பீரங்கிகளையும் வைத்து ஆடும் விதிகளை நூலாக்கியபின், இது பொதுமக்களின் பொழுதுபோக்குமாயிற்று.

இன்று கணினி ஏற்றிருப்பது அந்த நடுவரின் நாற்காலியையே. மறைந்திருப்பதை நினைவில் வைத்தல், பார்வைக்கோட்டைக் கணித்தல், இழப்பைப் பதிதல் எனச் சலிப்பூட்டும் வேலைகளை அது ஏற்றுக்கொள்ள, மனிதருக்குக் காயைக் கையால் நகர்த்தும் இன்பம் எஞ்சுகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட்டிலும் இத்தகைய கூட்டையே கண்டோம். வீரர்கள் காயை நகர்த்த, அதைத் தானே உணர்ந்த பலகை அந்த நகர்வை உலகெங்கும் அனுப்பியது.

நடுவர் நேர்மையானவராக இல்லாவிட்டால் என்னவாகும்? இதற்குச் சரித்திரம் ஒரு கசப்பான சான்று வைத்திருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியப் படையின் தலைமைக் கப்பல் 'அகாகி' என்ற விமானந்தாங்கி. அடுத்த மாதம் 'யமாட்டோ' போர்க்கப்பலில் ஜப்பானியத் தளபதிகள் மிட்வே தாக்குதலை மேசையில் ஆடிப் பார்த்தனர். பகடை உருண்டது. ஒன்பது குண்டுகள் பட்டு அகாகியும் 'காகா'வும் மூழ்கியதாக முடிவாயிற்று. தலைமை நடுவரான உகாகி, ஒன்பதை மூன்றாகக் குறைத்து அகாகியைக் காப்பாற்றினார். மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது! இதனைப் புச்சிடா, ஒகுமியா என்னும் ஜப்பானிய அதிகாரிகள் இருவர் தம் நூலிற் பதிவு செய்துள்ளனர். ஜூன் 4ஆம் திகதி நடந்த உண்மைப் போரில் இரு கப்பல்களும் தாக்குண்டு அழிந்தன. அங்கே குண்டுகளைக் குறைத்தெழுத நடுவர் எவரும் இருக்கவில்லை.

இக்கதையைக் கேட்ட நண்பரின் பேரன், "கணினிக்கு முகதாட்சண்யம் இல்லையே, சேர்" என்றான். உண்மைதான். பதவியையும் பட்டத்தையும் கண்டு அது பகடையைத் திருத்தாது. ஆயினும் எதை எண்ண வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பவர் மனிதர். உகாகியின் திருத்தம் எல்லோர் கண்முன்னும் நடந்தது. கணினியின் விதிக்குள் புகுந்த சார்பு எவர் கண்ணுக்கும் படாமல் கிடக்கும்.

அதுவரை பேசாதிருந்த நண்பர் அப்போது மேசையருகே வந்தார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, குடும்பத்தோடு படகேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர். களப்பை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுப் பேரனிடம் கேட்டார்: "மகன், இதில மீன் பிடிக்கிற ஆக்கள் எங்க?"

பையன் திகைத்தான். ஒல்லாந்தரும் வணிகரும் இருந்தார்கள். கோட்டைக்கும் களப்புக்கும் இடையில் வலை வீசி வாழ்ந்த மக்கள் அவனுடைய விதிகளில் இல்லை. ரைஸ்விட்ஸின் மேசையிலும், வெல்ஸின் தரைவிரிப்பிலும் அவர்கள் முதன்மை பெற்றதில்லை. முப்பது ஆண்டுகள் போர்ச் செய்தி எழுதிய நானும், கைப்பற்றிய முகாம்களையும் இழந்த முகாம்களையும் எண்ணிய அளவுக்கு, நடுவில் அகப்பட்டவர்களை எண்ணியிருக்கிறேனா? பல நாட்களில் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாலையில் நான் புறப்படும்போது பையன் கைத்தொலைபேசியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். இருளில் தெரியும் படகு வணிகருடையதா மீனவருடையதா என்று முன்கூட்டியே சொல்லாமல், தடுத்து நிறுத்திய பின்னரே கணினி அறிவிக்க வேண்டுமாம். மீனவர் படகைச் சுட்டவர், மற்றெதில் வென்றாலும் ஆட்டத்தில் தோற்றவராவார். "இனி ஒல்லாந்தருக்கு விளையாட்டுக் கஷ்டமாகும், சேர்" என்றான்.

கஷ்டமாகட்டும் என்றேன்.