சக்தி இசைக்குழுவின் கச்சேரிப் பதிவுகள்

சக்தி இசைக்குழுவின் கச்சேரிகளை ரசிகர்கள் ஒலிநாடாவில் பதிந்து, படியெடுத்து, காசு வாங்காமல் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். அந்த வழக்கத்தையும், குழுவின் இசைத்தட்டுகள் பற்றி அதையொட்டி எழுந்த வாதங்களையும் இக்கட்டுரை சொல்கிறது. ரொக் கிட்டாரில் உலகப் புகழ் பெற்ற ஜோன் மெக்லாக்லினோடு மூன்று தமிழ்க் கலைஞர்களும் மும்பைத் தபலாக் கலைஞர் சாகிர் உசேனும் சேர்ந்து 1970களின் நடுவில் அமைத்த குழு இது. முதல் ஓட்டத்தில் வெளிவந்தவை மூன்றே இசைத்தட்டுகள். மேடையில் வாசித்ததோ அதைப்போலப் பல மடங்கு. சக்தி அடிப்படையில் ஒரு கச்சேரிக் குழு. அதன் தரத்தைக் கலைக்கூடத்தில் பதிந்த இசைத்தட்டுகளை மட்டும் வைத்து அளப்பவர் பாதியைத்தான் கேட்கிறார்.

தோற்றம்

மெக்லாக்லின் 1942இல் இங்கிலாந்தின் யோர்க்சயரில் பிறந்தவர். 1969இல் அமெரிக்கா சென்று, மைல்ஸ் டேவிசின் 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் புரூ' ஆகிய இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். அக்குழுவின் 'தி இன்னர் மவுன்டிங் ஃபிளேம்' (1971), 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' (1973) இரண்டும் மின்கிட்டாரின் வேகத்துக்கும் உரத்த ஒலிக்கும் பேர்போனவை. மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் சூட்டிய பெயர்.

அதே ஆண்டுகளில் அவர் கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். கர்நாடக இசைக்கு அமெரிக்காவில் வேர்பிடித்த இடங்களில் அப்பல்கலைக்கழகம் முக்கியமானது. தி. விசுவநாதனும் தி. ரங்கநாதனும் அங்கே கற்பித்தார்கள். வயலின் கலைஞர் எல். சங்கர் முனைவர் பட்டத்துக்காக அங்கே இருந்தார். கிட்டாரும் வயலினும் சந்தித்தது அப்படித்தான்.

சங்கரின் இளமைக்காலம் இலங்கையோடு பிணைந்தது. தந்தை வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். மகன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் அவரிடம்தான் பயின்றார்கள். 1958 இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. சக்தியைப் பற்றிய மேல்நாட்டு எழுத்துகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வயலினின் முதற்பாடங்கள் யாழ்ப்பாணத்து வீடொன்றில் நடந்தவை என்பது இலங்கை வாசகருக்கு அப்படிக் கடந்துபோகும் செய்தி அல்ல.

கடத்துக்கு 'விக்கு' விநாயக்ராம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளில் வாசித்து வந்தவர். முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன்; பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரர். மெக்லாக்லினுக்கென்று கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரகாம் வெக்டர் ஒரு தனிக் கிட்டார் செய்தார். அதன் வாய்க்குக் குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள் ஓடின. மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் இடம் கிடைத்ததால், வீணையில் கேட்கும் கமகத்துக்குக் கிட்டத்தட்ட அக்கிட்டாரும் வந்தது.

மூன்று இசைத்தட்டுகள்

'சக்தி' என்ற முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. கொலம்பியா நிறுவனம் 1976இல் வெளியிட்டது. முதற்பக்கத்தில் பதினெட்டு நிமிட 'ஜோய்', அதையடுத்துச் சிறிய 'லோட்டஸ் ஃபீட்'. மறுபக்கம் முழுதும் ஒரே உருப்படி. ஏறக்குறைய 29 நிமிடம். அடுத்த இரண்டும் கலைக்கூடப் பதிவுகள். 'எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி' 1976இல் லண்டனில் பதிவானது, 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' 1977இல் வந்தது. மூன்றாவதில் உருப்படிகள் குறுகி, மெட்டுகள் எளிதாகிவிட்டன.

ரொக் ரசிகர்களில் பலர் மெக்லாக்லின் மகாவிஷ்ணுவிலிருந்து சக்திக்கு மாறியதை ஏற்கவில்லை. மகாவிஷ்ணுவின் மின்னொலியை எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சம்மணமிட்டு அமர்ந்த கிட்டார்க்காரரைக் கண்டதும் ஏமாற்றம். விற்பனையும் முந்தைய குழுவின் அளவுக்கு இல்லை. 1978இல் குழு கலைந்தது.

பதிவும் பரிமாற்றமும்

கச்சேரியை ரசிகரே பதிவுசெய்வது ரொக் உலகம் கண்டுபிடித்த பழக்கம் என்று எண்ணுவது சரியல்ல. சென்னைச் சபாக்களில் ஸ்பூல் நாடாக் காலத்திலேயே ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிந்தார்கள். வானொலிப் பெட்டிக்கு அருகில் ரெக்கோடரை வைத்து அகில இந்திய வானொலிக் கச்சேரிகளைப் பிடித்தவர்களும் உண்டு. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குள் சுருங்கிய கலைஞரை மூன்று மணிநேரம் கேட்க வேறு வழி இருக்கவில்லை. அந்த நாடாக்களில் பல இன்று 'சங்கீதப்ரியா' போன்ற இலாபநோக்கற்ற தொகுப்புகளில் எல்லோருக்கும் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் இதை ஒழுங்குபடுத்திய பெருமை கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சாரும். 1984 அக்டோபர் முதல் கச்சேரி மண்டபத்தில் பதிவாளர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். பதியலாம், படியெடுக்கலாம், விற்கக் கூடாது. அக்குழுவின் தாளக்கலைஞர் மிக்கி ஹார்ட்டோடு சாகிர் உசேன் 1976இல் 'டிகா' இசைத்தட்டில் வாசித்தார். 1991இல் வந்த 'பிளானெட் ட்ரம்' இசைத்தட்டில் சாகிரும் விநாயக்ராமும் இருந்தார்கள். ஆகவே நாடா மாற்றிக்கொள்ளும் கூட்டத்துக்குச் சக்திக் கலைஞர்கள் புதியவர்கள் அல்லர்.

எதிர்நிலையில் நின்றவர் கிட்டார்க் கலைஞர் ஃபிராங்க் சப்பா. திருட்டுப் பதிவுகளை அவர் வெறுத்தார். 1991இல் 'பீட் த பூட்ஸ்' என்ற வரிசையில் அவற்றையே அதிகாரபூர்வமாக வெளியிட்டு, விற்றுக்கொண்டிருந்தவர்களின் பிழைப்பில் கைவைத்தார். எல். சங்கரின் 'டச் மீ தேர்' (1979) இசைத்தட்டைத் தயாரித்தவரும் அவரே. 1978ஆம் ஆண்டு ஹாலோவீன் நாளில் நியூயோர்க் பலேடியத்தில் சப்பா நடத்திய கச்சேரியில் சங்கர் வயலின் வாசித்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கலைஞரின் வில், சப்பா ரசிகர்கள் தேடித் தேடிச் சேர்க்கும் பதிவுகளில் இப்படி இடம்பெற்றது.

பரிமாற்றத்துக்கென்று ஓர் ஒழுக்கம் இருந்தது. நாடாவின் பிறப்பைச் சொல்வது முதல் கடமை: மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்ததா, வானொலி ஒலிபரப்பைப் பிடித்ததா, பார்வையாளர் மடியில் வைத்த ஒலிவாங்கியில் பதிந்ததா என்று. அடுத்து, மூலத்திலிருந்து எத்தனையாவது படி என்பது. கசட்டிலிருந்து கசட்டுக்கு ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறும், மேற்சுரங்கள் மங்கும். ஐந்தாம் படியில் தபலாவின் விளிம்பு ஒலியைக் கேட்பது கடினம். கையில் மாற்றிக்கொடுக்க எதுவுமில்லாத புதியவர் வெற்றுக் கசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதுமாயிருந்தது. காசு கேட்பவரை மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

சக்தியின் உருப்படிகள் நாடாவுக்கு அடங்காதவை. தொண்ணூறு நிமிடக் கசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். தாள வாத்தியங்களின் தனி சூடுபிடிக்கும் கட்டத்தில் நாடா முடிந்துவிடும். பக்கத்தைத் திருப்பிப் போடுவதற்குள் ஒரு கோர்வை போயே போய்விடும். ஒரே கச்சேரியை இருவர் பதிந்திருந்தால், ஒருவரது இடைவெளியை மற்றவரது நாடாவால் நிரப்புவார்கள். பொறுமையும் காதும் வேண்டிய வேலை அது. ஊதியமில்லாமல் அதைச் செய்தவர்களுக்கு இசை வரலாறு கடன்பட்டிருக்கிறது.

மொன்த்ரோ இசைவிழாவில் மெக்லாக்லின் வாசித்த கச்சேரிகள் 2003இல் 17 இறுவட்டுகளாக வெளிவந்தன. சக்தியின் 1976, 1977 கச்சேரிகளும் அதில் உண்டு. ரசிகர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்ததை அந்த வெளியீடு மெய்ப்பித்தது: மேடையில் உருப்படிகள் விரிந்தன, ஒவ்வொரு நாளும் மாறின.

வாதங்கள்

முதல் வாதம், மூன்று இசைத்தட்டுகளில் எது சிறந்தது என்பது. 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' பக்கம் நிற்பவர்கள், அதிலுள்ள கட்டுக்கோப்பையும் புதியவருக்கும் எட்டும் மெட்டுகளையும் காட்டுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அளவு சுருங்கும்போது சக்தியின் உயிரான கேள்வி-பதில் முறை சுருங்கிவிடுகிறது. வயலின் ஒரு சங்கதி போட, கிட்டார் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க, கடம் இடைபுகுந்து கணக்கை மாற்ற நேரம் வேண்டும். முதல் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்த நேரம் இருக்கிறது. ராகவனின் மிருதங்கமும் அந்த இசைத்தட்டில் மட்டும்தான். மூன்றில் அதற்கே முதலிடம்.

'லோட்டஸ் ஃபீட்' இன்னொரு வாதப்பொருள். அதே மெட்டை மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவும் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' (1976) இசைத்தட்டில் மின்னொலியில் வாசித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு மெக்லாக்லின் எந்தத் திசைக்குத் திரும்பினார் என்பது விளங்கும்.

இரண்டாம் ஓட்டம் பற்றிய வாதம் சூடானது. 1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. சங்கர் இல்லை. முதலில் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல் வந்தது. பிறகு மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், கஞ்சிராவில் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பின்னர் பாடகர் சங்கர் மகாதேவன். மெக்லாக்லின் மின்கிட்டாருக்குத் திரும்பினார். பழைய ரசிகர்களின் குறை அந்தக் கிட்டார்தான்: சுருதித் தந்திகளின் ரீங்காரம் போயிற்று, மரத்தின் ஓசை போயிற்று என்பார்கள். குறை நியாயமானது. ஆயினும் மின்மாண்டலினும் மின்கிட்டாரும் ஒரே குரலின் இரு சாயல்களாக ஓடும் இடங்களைக் கேட்டவர் இரண்டாம் ஓட்டத்தைத் தள்ளிவிட மாட்டார். ஸ்ரீநிவாஸ் 2014இல் 45 வயதில் மறைந்தார். கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு வந்த குழுவின் இசைத்தட்டு 'திஸ் மொமென்ட்' (2023) 2024 பெப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் சாகிர் உசேன் காலமானார்.

இது கர்நாடக இசையா என்ற கேள்வி தமிழ் ரசிகர்களிடையே ஓயாதது. ராக இலக்கணத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பவர் குறை காணலாம். தாளத்தில் குறை காண்பது கடினம். கணக்கு வழக்கெல்லாம் நம்முடையது. அதைக் கற்று வந்து நமது கலைஞர்களுக்குச் சமமாக நின்றது மெக்லாக்லினின் சாதனை.

இலங்கையும் மலையகமும்

இலங்கையில் 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு சந்தையைத் திறந்த பிறகே ஜப்பானிய ரேடியோ கசட்டுகள் கடைகளில் குவிந்தன. நகரங்கள்தோறும் ரெக்கோடிங் பார்கள் வந்தன. பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதி வெற்றுக் கசட்டோடு கொடுத்தால், சில நாட்களில் பதிந்து தருவார்கள். ஹட்டன், நுவரெலியா போன்ற மலையக நகரங்களுக்குத் தோட்டத்து இளைஞர்கள் சம்பளம் கிடைத்த பின் இறங்கிவந்து பாட்டுப் பதிந்து சென்றது இக்காலத்தில்தான். மின்சாரம் எட்டாத தோட்டத்து லயக் குடியிருப்புகளில் பேட்டரி தேய்ந்து பாட்டு இழுபடும்வரை அவை ஓடின. பதிந்தவை பெரும்பாலும் படப்பாடல்கள், இலங்கை வானொலியில் கேட்டு மனதில் நின்றவை.

வாத்திய இசையும் கிட்டாரும் அவ்வழியே வந்தது இளையராஜாவின் பெயரோடு. 'ஹவ் டு நேம் இட்' (1986), சௌரசியா குழல் வாசித்த 'நத்திங் பட் விண்ட்' (1988) இரண்டும் படத்துக்கு வெளியே தமிழ்க் கேட்போருக்கு ஒரு முழு இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்கப் பழக்கின. சக்தியைத் தேடிப்போகும் தமிழ் ரசிகருக்கு அவை நல்ல வாசல்.

பரிமாற்றம் சட்டத்துக்கு உட்பட்டதா என்றால், கலைஞரின் சம்மதமின்றி அல்ல. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தமும், இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நிகழ்த்துநர் உரிமையைக் காக்கின்றன. அதிகாரபூர்வமாக வெளிவந்த பதிவைப் புழக்கத்திலிருந்து விலக்குவது நாணயமான ரசிகர்களின் வழக்கம்.

கையில் பழைய கசட் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை சில. மலையகத்தின் ஈரப்பதனில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் படிவு தெரிந்தால் ஓடவிடக் கூடாது. ஓடவிட்டால் ரெக்கோடரின் தலையில் ஒட்டி அடுத்த கசட்டுக்கும் பரவும். படியெடுக்கும்போது வேகத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் சற்று விரைந்தால் காலப்பிரமாணத்தோடு சுருதியும் ஏறிவிடும். பேட்டரி இறங்கிய நிலையில் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினாலும் அப்படியே. சக்தியின் பதிவுகளில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: அதே உருப்படியின் வெளிவந்த பதிப்பைப் பக்கத்தில் ஓட்டி, இரண்டின் சுருதியும் சேரும்வரை வேகத்தைத் திருத்தினால் போதும்.